முதல் பில் மெஷின் வாங்குமுன்



எங்களிடம் சரக்கெடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, கடைக்கு ஒரு பில் மெஷின் போடலாம் என்று இருக்கிறேன். எதை வாங்கட்டும்?" விற்க வருகிறவரைக் கேட்டால் தம் கையில் உள்ளதில் விலை கூடியதைத்தான் சொல்வார். நாங்கள் விற்கிறவர்கள் அல்ல, வாங்கிக் கெட்டவர்கள். ஆகவே எங்கள் பேச்சைக் கொஞ்சம் கேட்கலாம்.

2013இல் வெளியூர்க்காரர் ஒருவரிடம் கம்ப்யூட்டரும் பில் போடும் ஏற்பாடும் சேர்த்து வாங்கினோம். பில் அழகாக வந்தது. அந்த மோகத்தில் நாற்பது ஆண்டுகளாக எழுதிவந்த சிட்டையை நிறுத்திவிட்டோம். கடைக்காரர்களின் பாக்கி முழுதும் மெஷினுக்குள் போயிற்று. அதைத் திறக்கும் பாஸ்வேர்டு விற்றவரிடம் மட்டுமே இருந்தது. அதை அன்று நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது வரி விகிதங்களை மாற்ற அவரைத் தேடினோம். பல முறை போன் செய்த பிறகு வந்தார்; கேட்ட பணத்தைக் கொடுத்தோம். அப்போதே விழித்திருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். நம் மாவட்டத்தில் மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் வந்த அன்று மெஷின் எழுந்திருக்கவில்லை. விற்றவர் போனும் எடுக்கவில்லை. பாக்கிப் பட்டியல் போயிற்று. தென்னை சாய்ந்து கையில் காசில்லாமல் நிற்கிற ஊர்களில் போய், நினைவையும் துண்டுச்சீட்டுகளையும் வைத்துக்கொண்டு பாக்கி கேட்டோம். வடகாடு பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், பதினைந்து வருட வாடிக்கை. நாங்கள் பதினெட்டாயிரம் என்றோம். அவர் பதினொன்று என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் இரண்டு தவணையில் பதினெட்டும் கட்டிவிட்டார். நான்கு மாதம் கழித்து கல்லாப்பெட்டியின் அடியில் அவர் கட்டிய ஏழாயிரத்துக்கு எங்கள் கையெழுத்திலேயே துண்டு கிடைத்தது. பணத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனோம். வாங்கிக்கொண்டார், காபியும் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்களிடம் சரக்கெடுக்க வரவில்லை.

எனவே நாங்கள் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி விலையும் அல்ல, கம்பெனியும் அல்ல. "என் கணக்கை நானே வெளியே எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்று வாயால் சொன்னால் போதாது. கடையில் நின்று பத்துப் பில் போடச் சொல்லி, அதைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவருடைய மெஷினில் மட்டுமே திறக்கும் என்றால் எழுந்து வந்துவிடலாம். பாஸ்வேர்டு முதல் நாளே உங்கள் கைக்கு வரவேண்டும்.

அடுத்தது, சரக்கின் பெயர், விலை, வரி மூன்றையும் நீங்களே மாற்ற வேண்டும். பாக்கெட்டில் அடைத்துப் பெயரிட்ட 25 கிலோ வரையுள்ள அரிசி, பருப்புக்கு 2022 ஜூலை 18இல் 5 சதவிகிதம் வந்தது. 2025 செப்டம்பர் 22இல் குளியல் சோப்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், பற்பசை எல்லாம் 18இலிருந்து 5க்கு இறங்கின. அன்று காலை மெக்கானிக்கை எதிர்பார்த்துக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பழைய வரியில் பில் போட்டார்கள், அல்லது பில்லே போடவில்லை. ஆகவே விற்கிறவர் முன்னால் ஒரு சரக்கின் வரியை உங்கள் கையால் மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் அது உங்களுக்கு ஆகாது.

மூன்றாவது, மெஷின் மற்றவற்றோடு பேசுமா என்பது. இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம். மேல்நாடுகளில் பெரியவர்களே வீட்டில் பொம்மை ரயில் ஓட்டுகிறார்கள். முன்பு தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் அதன்மேல் நிற்கிற எல்லா இன்ஜினும் சேர்ந்தே ஓடும். பிறகு இன்ஜினுக்கு ஒரு எண் கொடுத்துத் தனித்தனியே கட்டளையிடும் டிஜிட்டல் முறை வந்தது. ஆனால் ஒரு கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இன்னொரு கம்பெனியின் இன்ஜின் பணியாது. முதல் பெட்டியைத் தவறாக வாங்கியவர் காலமெல்லாம் அதே கம்பெனிக்கு அடிமை. 1990களில் அமெரிக்காவின் மாதிரி ரயில் ஆர்வலர் சங்கம், ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்துப் பொது விதி வகுத்தது. அதன்பின் எவர் பெட்டியும் எவர் இன்ஜினும் சேர்ந்து ஓடின. விதி செய்தது விற்றவர்கள் அல்ல, வாங்கியவர்களின் சங்கம். நம் சங்கத்தார் கவனிக்க.

நம் கடையில் அந்தப் பொது மொழி பார்கோடு. பாக்கெட்டில் 890 என்று தொடங்கும் எண் இந்தியாவில் பதிவு பெற்றது. நாம் எடை போட்டு ஒட்டும் சீட்டுக்கு 2 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சரக்கின் எண்ணும் எடையும் அல்லது விலையும் அதற்குள்ளேயே அடங்கும். இன்று சிறிய மெஷின் வாங்கினாலும் நாளை ஸ்கேனரோ சீட்டு அடிக்கும் தராசோ அதில் இணையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. தராசும் பில்லும் ஒன்றாக உள்ள மெஷின் சின்னக் கடைக்கு வசதிதான். ஆனால் தராசு பழுதானால் பில்லும் நிற்கும். முத்திரை வைக்க எடுத்துப் போகிற நாளிலும் அப்படித்தான்; எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும் என்பது தெரிந்ததே. தகட்டில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். மளிகைக் கடைக்கு வரும் மூன்றாம் வகுப்புத் தராசில், 5 கிராம் படியுள்ள 30 கிலோ தராசுக்குக் குறைந்தபட்ச எடை 100 கிராம். அதில் 50 கிராம் ஏலக்காய் நிறுப்பவர் தமக்கோ வாங்குபவருக்கோ நஷ்டம் செய்கிறார். ஏலம், கிராம்புக்குத் தனிச் சிறு தராசு வைப்பதே முறை.

தமிழில் பெயர் அச்சாகுமா என்று பாருங்கள். பல சின்ன மெஷின்களில் ஆங்கில எழுத்து மட்டுமே உண்டு. "தோர் தால்" என்று பில்லில் கண்டு, துவரம் பருப்பு கேட்ட ஆச்சி சண்டைக்கு வந்த கதை நம் ஊரில் உண்டு. சூட்டில் அச்சாகும் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வரிக் கணக்குக்கு அந்தச் சீட்டை நம்பிக் கட்டி வைக்க வேண்டாம்.

விலை, நினைவுத்திறன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கடைச் சரக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு பெயர் கொள்ளும் மெஷின் போதும். சர்வீஸ்காரர் புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ இருக்க வேண்டும். மதுரை, திருச்சி என்றால் யோசியுங்கள். பாட்டரியில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் கடையில் இப்போது புது மெஷின் ஓடுகிறது. இரவு கதவை அடைக்குமுன் அன்றைய கணக்கு பென் டிரைவில் ஏறி வீட்டுக்கு வருகிறது. பாக்கிப் பட்டியலை மட்டும் சனிக்கிழமைதோறும் மகன் வாசிக்க, நாங்கள் பழைய நீள நோட்டில் மையால் எழுதிக்கொள்கிறோம். அதற்கு முக்கால் மணி நேரம் பிடிக்கிறது.