மடிக்கணினி தொடங்க மறுத்தால்

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு மடிக்கணினி பழுதானால், மலையின் உயரமே காரணமோ என எண்ணத் தோன்றும். வன்தட்டில் தரவைப் படிக்கும் முனை, நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டின்மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று மிகக் குறைந்தால் முனை தட்டில் உரசக்கூடும். எனினும், பெரும்பாலான வன்தட்டுகள் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளன. ஆகவே, பழுதுக்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இயங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியும் நாள்பட்ட தேய்மானமுமே வன்தட்டைப் பெரிதும் பாதிக்கின்றன.

மின்விளக்கு எரிந்தும் கணினி தொடங்கவில்லை எனில், முதலில் அதில் செருகியுள்ள விரலியை அகற்றிவிட்டு மீண்டும் முயல வேண்டும். கணினி விரலியிலிருந்து தொடங்க முயன்று நின்றிருக்கலாம். அடுத்து, பயோஸ் அமைப்பில் வன்தட்டின் பெயர் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பெயர் இல்லையெனில், இணைப்பு தளர்ந்திருக்கலாம். அல்லது வன்தட்டே செயலிழந்திருக்கலாம்.

‘டக், டக்’ என்ற ஒலி கேட்டால், கணினியை உடனே அணைத்துவிட வேண்டும். மீண்டும் மீண்டும் தொடங்கினால், முனை தட்டைக் கீறி, கோப்புகளை மீட்க இயலாமல் செய்துவிடக்கூடும். ஒலி இல்லாமல் பெயர் மட்டும் தெரிந்தால், உபுண்டு போன்ற இயங்குதளம் கொண்ட விரலியால் கணினியைத் தொடங்கி, கோப்புகளை வேறிடத்தில் நகலெடுக்கலாம். அதன் பிறகே பழுதுபார்க்க வேண்டும்.

புதிய வன்தட்டைக் கடையில் வாங்கலாம். பல மாதங்கள் உழைத்து எழுதிய ஆய்வேட்டை வாங்க முடியாது. வெள்ளம் வருமுன் அணை போடுவதுபோல, முக்கியக் கோப்புகளின் நகலைக் கணினிக்கு வெளியிலும் வைத்திருப்பதே அறிவுடைமை.