கிளாஸ் 1 என்றால் எந்த கிளாஸ்?

கேள்வி: திருப்பூரில் ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியை வாடகைக்கு எடுத்துப் பெண்களுக்கான ஜிம் நடத்துகிறேன். நானேதான் பயிற்சியாளர், உதவிக்கு ஒரு பெண் இருக்கிறார். சென்ற ஆண்டு மும்பை நிறுவனம் ஒன்றிடம் 1,200 சதுர அடிக்கு ரப்பர் டைல் வாங்கினேன். ரூ. 2.40 லட்சம் ஆனது. 'ஜிம்முக்கு, ஃபயர் என்.ஓ.சி. வாங்க வேண்டும்' என்று கேட்டுத்தான் வாங்கினேன். 'ஃபயர் ரேட்டட், கிளாஸ் 1' என்று வாட்ஸாப்பில் சான்றிதழும் அனுப்பினார்கள். மீந்த டைல்களை மாடிப்படியில் ஒட்டினோம். இப்போது ஆய்வுக்கு வந்த தீயணைப்பு அலுவலர் அந்தச் சான்றிதழை ஏற்க முடியாது என்கிறார். விற்றவரோ, 'விற்ற பொருள் வாபஸ் இல்லை, கேஸ் போடுவதென்றால் மும்பைக்கு வாருங்கள்' என்கிறார். கட்டட உரிமையாளர் எல்லாவற்றையும் பெயர்த்துப் போடச் சொல்கிறார். நான் என்ன செய்வது?
— வாசகி, திருப்பூர்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டில் ஒட்டிய டைல்களை இன்றே எடுத்துவிடுங்கள். கூடத்துக்குள் இருப்பதில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த சான்றிதழைப் பார்த்தேன். பளபளப்பான ஒற்றைப் பக்கம். நடுவில் கொட்டை எழுத்தில் 'கிளாஸ் 1'. அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டும் நான் சிரமப்பட்டுப் படித்த பொடி எழுத்தில் 'ஏஎஸ்டிஎம் இ84'. அலுவலர் மறுத்ததற்கு அந்தப் பொடி எழுத்துதான் காரணமாக இருக்க வேண்டும். மறுத்தது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

கட்டடப் பொருள் சந்தையில் 'கிளாஸ் 1' என்ற பெயரில் குறைந்தது மூன்று பேர் நடமாடுகிறார்கள். மூவரும் உறவுக்காரர்கள் அல்ல.

உங்கள் சான்றிதழில் இருப்பவர் அமெரிக்காவின் இ84. சுமார் 24 அடி நீளமுள்ள மாதிரியை ஒரு சுரங்க உலையின் மேற்பகுதியில், அதாவது கூரையில் பொருத்தி, அடியில் தீ வைத்துப் பத்து நிமிடம் பார்க்கும் சோதனை இது. தீ பரவும் எண் 25-க்குள் இருந்தால் முதல் வகுப்பு. இப்போது அதை 'ஏ' என்பார்கள்; பழைய வழக்கத்தில் 'ஒன்று'. சுவருக்கும் உட்கூரைக்கும் இது நல்ல சோதனைதான். தரையில் விரிக்கப்போகும் பொருளைக் கூரையில் தொங்கவிட்டுச் சோதித்த அறிக்கையை உங்களிடம் நீட்டியிருக்கிறார்கள்.

இரண்டாமவர் பிரிட்டனின் பிஎஸ் 476 பகுதி 7. மாதிரியைச் செங்குத்தாக நிறுத்தி, வெப்பம் வீசும் பலகையை எதிரே வைத்துப் பத்து நிமிடம் பார்ப்பார்கள். தீ 165 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் கிளாஸ் 1. நம் நாட்டில் மேற்பூச்சுப் பொருள்களை நான்கு வகுப்பாகப் பிரித்துப் பேசும்போது நினைவில் இருப்பது பெரும்பாலும் இந்த மரபுதான்.

தரைக்கென்றே பிறந்தவர் மூன்றாமவர்: ஏஎஸ்டிஎம் இ648. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள மாதிரியைத் தரையில் கிடப்பதைப் போலவே கிடத்தி, மேலே சாய்வாக ஒரு கேஸ் அடுப்புப் பலகையை வைப்பார்கள். ஒரு முனையில் வெப்பம் கடுமையாக இருக்கும். மறுமுனை போகப் போகக் குறையும். சூடான முனையில் பற்றவைத்த தீ ஊர்ந்து ஊர்ந்து ஓரிடத்தில் அணைந்துபோகும். அந்த இடத்தில் விழும் வெப்பத்தின் அளவுதான் மதிப்பீடு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.45 வாட் அல்லது அதற்கு மேல் என்றால் கிளாஸ் 1, 0.22 முதல் கிளாஸ் 2. இங்கே எண் கூடினால் நல்லது, இ84-ல் எண் குறைந்தால் நல்லது. இது தெரியாமல் இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் பேசிய சப்ளையர்களை நான் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. என்ன விற்கிறோம் என்றே தெரியாமல் விற்றார்கள். அது இன்னும் மோசம்.

ஐரோப்பியப் பொருளாக இருந்தால் 'பிஎஃப்எல்-எஸ்1', 'சிஎஃப்எல்-எஸ்1' என்று போட்டிருக்கும். 'எஃப்எல்' என்பது தரை. 'எஸ்' என்பது புகை. எஸ்1 என்றால் குறைவான புகை. ரப்பருக்கு அந்த இரண்டாவது எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். பழைய டயரை அரைத்துப் பசை சேர்த்து அழுத்திய டைல் எரிந்தால் வரும் கரும்புகையில், தீ உங்களை நெருங்குவதற்கு முன்பே வாசல் எங்கே என்பது தெரியாமல் போய்விடும்.

இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. சான்றிதழில் சோதித்த மாதிரியின் தடிமன் 4 மி.மீ. உங்கள் பில்லில் 15 மி.மீ. தீ மதிப்பீடு என்பது பொருளின் பெயருக்குக் கிடைக்கும் பட்டம் அல்ல. இன்ன தடிமன், இன்ன அடர்த்தி, இன்ன பசை, அடியில் இன்ன தளம் என்ற சேர்க்கைக்குக் கிடைப்பது. சோதனைக்கூட அறிக்கைகளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: 'முடிவுகள் அனுப்பப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' சான்றிதழ் தயாரிப்பவர்கள் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான்.

இனி சட்டம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பு பற்றியது. அது வெறும் பரிந்துரைதானே என்று பலர் வாதாடுவார்கள். ஏட்டளவில் உண்மை. ஆனால் மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகள் வழியாக அதற்குப் பல் வைக்கின்றன. நமக்கு 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டமும் இருக்கிறது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த பிறகு தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பள்ளிக் கட்டடங்கள் இந்த விதித்தொகுப்பைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. உங்கள் ஜிம் பள்ளிக்கூடம் அல்லதான். ஆனால் அதற்குப் பின், 'பரிந்துரைதானே' என்ற வாதத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக எனக்குத் துணிவில்லை.

மேற்பூச்சு பற்றிய விதிகள் பெரிதும் சுவரையும் உட்கூரையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது உண்மை. அதை வைத்து அலுவலரிடம் தர்க்கம் செய்யலாம். நான் செய்ய மாட்டேன். எந்தச் சோதனையில், எந்த வகுப்பு கிடைத்தால் ஏற்பீர்கள் என்று கேட்டு, மாவட்ட அலுவலருக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் கடிதம் போடுவேன். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு நீங்கள் யார் மீதும் எதையும் நிரூபிக்க முடியாது. எழுத்தில் பதில் வந்தால் அதுவே விற்றவருக்கு எதிரான முதல் ஆவணம்.

படிக்கட்டுக்கு வருகிறேன். வெளியேறும் பாதை என்றால் எந்த நாட்டு விதியும் கடுமைதான். உங்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆய்வு நடந்த நாள்வரை, விற்றவர் சொன்னதை நம்பினேன் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான நம்பிக்கைக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. அலுவலர் சொன்ன நிமிடத்திலிருந்து உங்களுக்குத் 'தெரியும்'. இனி ஒரு விபத்து நடந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இன் கீழ், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு வரும். ஐந்து ஆண்டுவரை சிறை. அப்போது போலீஸ் மும்பையைத் தேடிப் போவதற்கு முன் உங்கள் வாசலில்தான் நிற்கும். இடத்தை நடத்துபவர் முதல் பொறுப்பாளி, விற்றவர் பிறகுதான். 2024 மே 25-ல் ராஜ்கோட் விளையாட்டுக் கூடம் எரிந்தபோது, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அது நடந்துவந்தது என்பதுதான் முதலில் வெளியே வந்தது.

சரி, விற்றவரை விட்டுவிடுவதா? மாட்டோம்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16: எதற்காக வாங்குகிறேன் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும். 'ஃபயர் என்.ஓ.சி. வாங்க வேண்டும்' என்று நீங்கள் வாட்ஸாப்பில் தட்டிய அந்த ஒரு வரி, இந்த வழக்கில் உங்கள் பில்லைவிட மதிப்புள்ளது. பில்லில் வெறுமனே 'ரப்பர் மேட்' என்றுதானே இருக்கிறது? அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63-இன்படி சான்றுரை இணைத்தால்தான் அது சாட்சியமாக நிற்கும்.

எங்கே வழக்குப் போடுவது? நுகர்வோர் ஆணையம் என்றதும் எதிர்த்தரப்பு, 'இவர் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் அல்ல' என்று கிளம்பும். இதற்கு விடை 1995-லேயே இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். உங்கள் பக்கத்து ஊர்க் கோயம்புத்தூர் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கு. பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவரும், தானே இயக்க லேத் வாங்குபவரும் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவருடைய தொழில் பெரிது. நீங்களே பயிற்சி தருகிறீர்கள், உதவிக்கு ஒருவர்தான். நீங்கள் ஆட்டோக்காரர் பக்கம். நாளை இரண்டாவது கிளை திறந்து சம்பளத்துக்கு ஆள் வைத்த பிறகு வாங்கியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

'மும்பைக்கு வாருங்கள்' என்ற மிரட்டல், பில்லின் அடியில் 'மும்பை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று அச்சடித்திருப்பதிலிருந்து வருகிறது. 1989-ல் ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கில் இதே போன்ற ஒரு வரியை மீறிச் சேலத்தில் வழக்கு நடத்தலாம் என்று தீர்ப்பானது. 'மட்டும்' என்ற சொல் அதில் இல்லை என்பது ஒரு காரணம். 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கு அந்த வழியைச் சற்று அடைத்துவிட்டது. ஆகவே சிவில் நீதிமன்றத்தில் இதற்காக மல்லுக்கட்டுவதைவிட, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ புகார் தரலாம். ரூ. 5 லட்சம்வரை கட்டணமே இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு; அதில் ஒரு பகுதி ஓடிவிட்டது.

'வாபஸ் இல்லை' என்ற அச்சுக்கும் அஞ்ச வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை அந்தச் சட்டமே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்றும் வைக்கிறது. உங்களுக்கு அந்த 30 நாள் கடந்துவிட்டது என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். தவறான தகுதியைச் சொல்லி விற்றது என்ற குற்றச்சாட்டை முன்னே வையுங்கள். பொருளின் விலை, ஒட்டிய கூலி, பெயர்க்கும் கூலி, மூடிய நாள்களின் வருமானம் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் 15 நாள் கெடு வைத்து, முழுச் சோதனை அறிக்கையைக் கேட்டு ஒரு வக்கீல் நோட்டீஸ். முழு அறிக்கை அவர்களிடம் இருக்காது என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

கட்டட உரிமையாளருக்கு அவசரம் இருப்பது நியாயம். ஆனால் குத்தகைப் பத்திரத்தில் உட்புற வேலை உங்கள் பொறுப்பு என்றிருந்தால், மாற்றுவதும் உங்கள் பொறுப்பு. இரவோடிரவாகப் பெயர்க்கச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. அலுவலருக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை அவருக்கும் கொடுங்கள். தீ இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனிக்கும் ஒரு நகல்.

கூடத்துத் தரையில் கை வைக்க வேண்டாம் என்றேனே, அது நிரந்தரம் அல்ல. அலுவலர் கெடு கொடுத்தால் அதற்குள் மாற்றித்தான் ஆக வேண்டும். பதில் வரும்வரை வகுப்பைச் சின்னதாக்குங்கள், முடிந்தால் நிறுத்துங்கள். ஆனால் பெயர்ப்பதற்கு முன் வீடியோ எடுங்கள். சோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாத பொருள் என்றால், நுகர்வோர் ஆணையம் மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும். சட்டத்தின் பிரிவு 38 அதற்கு இடம் தருகிறது. அனுப்ப மாதிரி வேண்டுமே. ஒட்டாத டைல் மிச்சமிருந்தால் அட்டைப்பெட்டியோடு, லேபிள் கிழியாமல் எடுத்து வையுங்கள். படிக்கட்டிலிருந்து எடுப்பவற்றில் நல்லதாக ஏழெட்டைப் பசையோடு அப்படியே சாக்கில் கட்டி, தேதி எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். பழைய சாமான்காரர் கிலோ கணக்கில் விலை பேசுவார். வழக்கு முடியும்வரை கொடுக்காதீர்கள்.