வீரமுனை வளவில் கலெண்டுலா: சில குறிப்புகள்

1. முதலில் விதையைப் பாருங்கள். நம் சந்தைகளில் மாலைக்கு விற்கும் செவ்வந்திக்கும் கலெண்டுலாவுக்கும் நிறம் ஒன்றாக இருக்கும். மருந்துக்கு உதவுவது கலெண்டுலாதான். செவ்வந்தி விதை கறுத்த ஊசி போல மெலிந்தது. கலெண்டுலா விதை வளைந்து, முதுகில் முள்முள்ளாக, காய்ந்த புழுவைப் போலக் கிடக்கும். முளைத்த பிறகும் அடையாளம் உண்டு. செவ்வந்தி இலை பல பிளவாகப் பிரிந்து கடுமையாக மணக்கும். கலெண்டுலா இலை பிளவில்லாமல் நீண்டு, தொட்டால் விரலில் பிசுபிசுக்கும்.

2. இது மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி, குளிர் கேட்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு ஏற்றது, நம் கிழக்குக் கரைக்கு அவ்வளவு இசையாது. ஆனாலும் நமக்கு ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. மார்கழி பிறந்ததும் விதையிட்டு, பொங்கலையொட்டிச் சாடிக்கு மாற்றினால் மாசியில் பூப்பார்க்கலாம். சித்திரை வெயிலில் செடி சோரத் தொடங்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நட்டுப் பார்ப்பது வீண்வேலை. பூ மலைநாட்டில் பூப்பதைவிடச் சிறிதாகவே இருக்கும்.

3. மார்கழி மழையில் நேரே மண்ணில் போட்டால் விதை அழுகிவிடும். அடியில் துளையிட்ட யோகட் கப்பில் ஒவ்வொரு விதையாக, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் மூடி, தாவாரத்தின் கீழ் வையுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும்.

4. வயலோரத்துக் களிமண்ணில் வேர் மூச்சுமுட்டும். ஒரு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, கூடவே ஒரு பிடி கருக்கிய உமி. எருவை அதிகம் போட்டால் இலை தழைக்கும், பூ குறையும். செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி விடுங்கள்; நெருங்கினால் இலையில் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சணம் படியும். காலை வெயில் போதும். மதிய வெயிலுக்கு முருங்கை நிழல் நல்லது.

5. தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், பூவில் வேண்டாம்.

6. இரண்டு, மூன்று நாளுக்கொருமுறை பூவைப் பறியுங்கள். விட்டுவைத்தால் செடி விதை கட்டப் போய்விடும், மொட்டு நின்றுவிடும். பனி காய்ந்த பின், வெயில் ஏறுமுன் பறிப்பது நல்லது. பிசின் இருப்பது பூவின் அடிப்பச்சையில். ஆகவே மருந்து எண்ணெய்க்கு இதழை மட்டும் பிய்க்காமல் முழுப்பூவாக எடுக்க வேண்டும்.

7. சுளகில் பரப்பி நிழலில் காயவையுங்கள். இதழ் சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும், அடிப்பச்சை மட்டும் ஈரமாகவே இருக்கும். அதை ஒடித்துப் பாருங்கள். சடக்கென ஒடியாவிட்டால் இன்னும் காயவேண்டும். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் பூஞ்சணம் பிடித்து எல்லாம் பாழ்.

8. எண்ணெய்: ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் பாதியளவு காய்ந்த பூ. அது மூழ்கி இரண்டு விரல் மேலே நிற்கத் தேங்காய் எண்ணெய். போத்தலுக்குக் காகிதம் சுற்றி நான்கு முதல் ஆறு வாரம் வைத்து வடிகட்டுங்கள். அவசரமானால் போத்தலைத் தண்ணீர்ச் சட்டியில் இறக்கி, மெல்லிய தீயில் இரண்டு மூன்று மணித்தியாலம் சூடாக்கலாம். களிம்பாக வேண்டுமென்றால் 100 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு 20 கிராம் தேன்மெழுகு உருக்கிச் சேர்க்கவும். நம் வெக்கைக்கு அதைவிடக் குறைந்தால் இளகிவிடும்.

9. பித்தவெடிப்பு, வறண்ட தோல், சிறு சிராய்ப்பு ஆகியவற்றுக்குப் பூசலாம். 2004இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், மார்புப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 254 பெண்களில் கலெண்டுலாக் களிம்பு பூசியவர்களுள் 41 வீதத்தினருக்கே தோல் அழற்சி மிதமான நிலையையோ அதற்கு மேலோ எட்டியது. வேறொரு களிம்பு பூசியவர்களில் அது 63 வீதம். அந்தக் கலெண்டுலாக் களிம்பு மருந்துத் தொழிற்சாலையில் செய்தது என்பதையும் மறக்க வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவரின் கால் புண்ணுக்கு இந்தப் போத்தலைத் திறக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆழமான வெட்டுக்காயத்துக்கும் இதே பேச்சுத்தான்.

10. செவ்வந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் சொறியக்கூடும். முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பிள்ளைத்தாய்ச்சி இதன் தேநீரைத் தவிர்ப்பது நல்லது.

11. சமையலுக்கு இதழ் மட்டும் போதும், அடிப்பச்சை கசக்கும். இதன் நிறம் கொழுப்பில்தான் இறங்கும். இதழை இளஞ்சூட்டு நெய்யில் போட்டு அந்த நெய்யை நெய்ச்சோற்றில் கிளறினால் இளமஞ்சள் வரும். 2020இல் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து விலை எகிறியபோது பலரும் அதற்கு மாற்றுத் தேடினார்கள். நிறத்துக்கு இது உதவும், மஞ்சளின் வாசம் வராது. மருந்து தெளித்த பூவைச் சட்டிக்குள் கொண்டுவரவே கூடாது.

12. பங்குனிக் கடைசியில் நல்ல செடியொன்றில் நாலைந்து பூவைப் பறிக்காமல் விட்டு, விதை பழுப்பானதும் எடுத்து, காயவைத்து இறுக மூடுங்கள். காலியான சாடியில் கற்பூரவல்லியோ கற்றாழையோ வையுங்கள். அவை கச்சானையும் தாங்கும்.