திரவ அமுக்கத்தின் பிரயோகம்: லோடர் பூட்டிய பழைய உழவு இயந்திரத்தில் பழுதறிதல்

பஸ்காலின் தத்துவத்தைப் பிழையின்றி எழுதும் மாணவர் பலர், அதனை ஓர் இயந்திரத்தில் பிரயோகிக்கும்படி கேட்டால் தடுமாறுவர். இவ்வுதாரணத்தைக் கவனமாகப் படிக்கவும்.

1. தத்துவம்

மூடிய தொகுதியிலுள்ள திரவத்தின் மீது பிரயோகிக்கப்படும் அமுக்கம், திரவத்தினூடாக எல்லாத் திசைகளிலும் சமமாக ஊடுகடத்தப்படும்.

எண்ணெய் செல்லும் பாதை: தாங்கி – வடிகட்டி – பம்பி – கட்டுப்பாட்டு வால்வு – உருளை. அமுக்கம் எல்லை மீறினால் விடுவிப்பு வால்வு திறந்து எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்பும்.

நினைவிற் கொள்க: உயரும் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு செக்கனில் வரும் எண்ணெயின் அளவு. உயர்த்தும் விசையைத் தீர்மானிப்பது அமுக்கம்.

2. முதலில் கேட்க வேண்டிய வினா

எல்லா அசைவுகளும் பழுதா, ஒன்று மட்டுமா?

எல்லாம் பழுதெனில் குறை பொதுப் பகுதியில் (எண்ணெய், வடிகட்டி, பம்பி, விடுவிப்பு வால்வு) இருக்கும். புயங்கள் உயராமல் வாளி மட்டும் நன்கு சரியுமெனில், புயங்களுக்குரிய உருளையையோ வால்வையோ பார்க்க வேண்டும். பம்பியைக் கழற்றுவது வீண் செலவு.

3. அறிகுறியும் காரணமும்

(அ) மெதுவாக, இரைச்சலுடன் உயர்தல்: எண்ணெய் குறைவு, வடிகட்டி அடைப்பு அல்லது காற்று உட்புகுதல். நுரை காற்றையும், பால் போன்ற நிறம் நீரையும் காட்டும்.
(ஆ) வெறுமையாக உயர்ந்து, பாரத்துடன் உயராமை: அமுக்கம் போதாது.
(இ) உயர்த்திய லோடர் தானாக இறங்குதல்: சீல் அல்லது வால்வில் கசிவு.
(ஈ) சூடேறியதும் வலுவிழத்தல்: எண்ணெய் இளகித் தேய்ந்த பம்பியினுள் கசிகிறது.

1964 இல் அறிமுகமான மாசி பெர்குசன் 135 இல் கியர்ப்பெட்டி எண்ணெயே உட்புறப் பம்பிக்கும் பயன்படும். ஆகவே எண்ணெய் மட்டத்தை முதலில் பார்க்க. லோடரை இறக்கி, சமதரையில் நிறுத்தியே அளக்க வேண்டும்.

4. கணித்தல்

முசலத்தின் விட்டம் 7 சென்ரிமீற்றர், அமுக்கம் 1.4 × 10⁷ பஸ்கால் எனக் கொள்க.

பரப்பளவு = 22/7 × 3.5 × 3.5 = 38.5 சதுர சென்ரிமீற்றர் = 3.85 × 10⁻³ சதுர மீற்றர்
விசை = அமுக்கம் × பரப்பளவு = 53,900 நியூற்றன்

அமுக்கம் அரைவாசியானால் விசை 26,950 நியூற்றன் மட்டுமே. வெறும் வாளி உயர்ந்து, மண் நிறைந்த வாளி உயராதது இதனாலேயே.

5. பாதுகாப்பு

உயர்த்திய லோடரின் கீழ் ஒருபோதும் செல்லாதீர்கள். லோடரை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்பை இருபுறமும் அசைத்து அமுக்கத்தை விடுவித்த பின்னரே குழாயைக் கழற்ற வேண்டும். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக்கூடாது; அட்டைத் துண்டைப் பிடித்தே அறிய வேண்டும். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

6. பயிற்சி

வினா: விடுவிப்பு வால்வின் வில் தளர்ந்துள்ளது. எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் பாரம் உயருமா?
விடை: உயராது. வால்வு குறைந்த அமுக்கத்திலேயே திறப்பதால், மேலதிக எண்ணெய் தாங்கிக்கே திரும்பும், அமுக்கம் கூடாது.