நகல் யந்திரம் காகிதங்களைச் சேர்த்துத் தைக்கும் முறை

நகல் எடுக்கும் யந்திரங்கள் சிலவற்றில், அச்சாகி வரும் தாள்களை அடுக்கி, ஓரத்தில் கம்பியிட்டுத் தைத்துத் தரும் பகுதி ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். வினாத்தாளாயினும் கள அறிக்கையாயினும், கம்பியில் அகப்படாத ஒரு தாள் உதிர்ந்துவிட்டால் முழுக்கட்டும் பயனற்றதாகிவிடும். ஆதலின், இப்பகுதி இயங்கும் விதத்தை அதனைக் கையாளுவோர் அறிந்திருத்தல் நன்று.

அடுக்குதல்

வெப்பத்தால் மை பதிக்கப்பட்ட தாள், உருளைகளின் வழியே சரிவான தட்டொன்றில் வந்து விழுகின்றது. சுழலும் ரப்பர்த் துடுப்பு அதனை இழுத்துத் தடுப்புச் சுவரில் முட்டச் செய்கின்றது. பின்னர் இரு பக்கத் தகடுகள் நெருங்கி வந்து ஓரங்களைத் தட்டி நேராக்குகின்றன. ஒவ்வொரு தாளுக்கும் இவ்வாறே நிகழ்கின்றது.

தைத்தல்

கடைசித் தாள் சேர்ந்ததும் மின்மோட்டார் தைக்கும் தலையை இயக்குகின்றது. பல யந்திரங்களில் கம்பிகள் வளைக்கப்படாமல், பட்டையாக ஒட்டப்பட்டுப் பெட்டியில் இருக்கும். தலையிலுள்ள அச்சு ஒரு கம்பியை 'ப' வடிவாக வளைக்க, அழுத்தும் தகடு அதனைக் கட்டினுள் செலுத்துகின்றது. மறுபுறம் வெளிவரும் இரு கால்களையும் எதிர்த்தகடு மடித்துப் படியவைக்கின்றது.

மெல்லிய கம்பி வளையாமல் துளைப்பது எங்ஙனம்? கம்பித் துண்டொன்றை நுனியிலிருந்து 3 செ.மீ. தள்ளிப் பிடித்து அட்டையில் அழுத்தினால் அது வளைந்துவிடும். நுனிக்கருகில் பிடித்தால் உட்புகும். தாங்கலற்ற நீளம் குறையுமளவிற்குக் கம்பி மிகுந்த அழுத்தத்தை ஏற்கும். தலையிலுள்ள குறுகிய பள்ளம் கால்களை இருபுறமும் அணைத்து நிற்பதால் அவை வளைய இடமில்லை. இச்சோதனையை ஆசிரியர்கள் வகுப்பில் எளிதில் செய்து காட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; 50 தாள் சேர்ந்தால் 5 மி.மீ. ஆகும். கம்பியின் கால் அதனைக் கடந்து மடியவும் வேண்டும். ஆகவே தடித்த காகிதமாயின் தாள்களின் எண்ணிக்கையைக் குறைத்தல் வேண்டும்.

மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிய தாள், வெப்ப உருளையைக் கடக்கையில் சுருளும். சுருண்ட தாள் தடுப்புச் சுவரை எட்டாமல் நின்றால் கம்பிக்கு அகப்படாது. எனவே, காகிதக் கட்டினைத் தேவைப்படும் வரை அதன் உறையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.

கம்பி சிக்கினால் யந்திரத்தை நிறுத்திப் பெட்டியை வெளியே எடுத்த பின்னரே வளைந்த கம்பியை நீக்குக. புதுக் கம்பி இட்டபின் முதற்சில கட்டுகள் தைக்கப்படாமல் வரக்கூடும். அவற்றைத் தவறாது பார்த்தல் வேண்டும். எத்தனை தாள் வந்தன என்பதை யந்திரம் கணக்கிடும். ஒவ்வொன்றும் கம்பியில் அகப்பட்டதா என்பதை நாமே புரட்டிப் பார்த்து உறுதி செய்தல் வேண்டும்.