ஓட்டு நமக்கு எப்படிக் கிடைத்தது?



ஒரு குழுக் கூட்டத்தில் வாக்காளர் பட்டியலை வைத்துப் பேர் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு அக்கா கேட்டார்: "இந்த ஓட்டு ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணாத்தானே வந்துச்சு?" "இல்லக்கா, நமக்குப் பின்னாலதான் வந்துச்சு" என்றோம். பாதிப் பேர் நம்பவில்லை. அதனால் இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொண்டோம்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊரெல்லாம் சென்னை மாகாணம் என்ற பேரில் வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. சட்டசபைக்கு ஓட்டுப் போட நிலமோ வரியோ இருக்க வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் பெண்ணுக்கு ஓட்டு இல்லை.

1917-ல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்துக்காரர். தன் நாட்டில் பெண்களுக்கு ஓட்டுக் கேட்டுப் போராடி ஜெயிலுக்குப் போய் வந்தவர். அதே வருஷம் டிசம்பரில் இந்தியாவுக்கான மந்திரி மாண்டேகு லண்டனிலிருந்து சென்னைக்கு வந்தார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் நேரில் போய் மனு கொடுத்தார்கள். ஆண்களுக்கு ஓட்டுக் கொடுக்கும்போது எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

மனு கொடுத்ததும் வேலை முடிந்துவிடுமா? நமக்குத் தெரியாததா! விசாரிக்க வந்த கமிட்டி, இந்த நாட்டு வழக்கத்துக்கு இது ஒத்துவராது என்று 1919-ல் சொல்லிவிட்டது. பம்பாயிலிருந்து ஹீராபாய் டாடாவும் அவர் மகள் மிதனும் கப்பலேறி லண்டன் போய், அங்கே பாராளுமன்றக் கமிட்டி முன்னால் பேசினார்கள். அதற்கும் நேரான பதில் இல்லை. அந்தந்த மாகாணச் சட்டசபை தீர்மானம் போட்டால் கொடுத்துக்கொள்ளலாம் என்று பொறுப்பை இங்கே இருந்தவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

தீர்மானம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதாமாதம் தீர்மான நோட்டில் எழுதுகிறீர்கள். சென்னைச் சட்டசபை அந்தத் தீர்மானத்தை 1921 ஏப்ரல் 1-ல் போட்டது. (ஏப்ரல் 1 என்றதும் சிரிக்காதீர்கள், உண்மையான தேதிதான்!) கை தூக்கிய எல்லாருமே ஆண்கள். அதே வருஷம் பம்பாயும் கொடுத்தது. வங்காளம் முடியாது என்று தள்ளிவிட்டு 1925-ல்தான் இறங்கி வந்தது.

ஆனால் சொத்தும் வரியும் வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. உங்கள் குழுவில் இருபது பேர் என்று வையுங்கள். எத்தனை பேருக்கு சொந்தப் பேரில் பட்டா இருக்கிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அன்றைய கணக்குப்படி ஏறக்குறைய அவ்வளவு பேருக்குத்தான் ஓட்டு வந்திருக்கும். களை எடுத்தவளுக்கும் கல் உடைத்தவளுக்கும் இல்லை, அவர்கள் வீட்டு ஆண்களுக்கும் இல்லை.

1926-ல் பெண்கள் சட்டசபை உறுப்பினராகவும் வழி திறந்தது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே துணைத் தலைவராகவும் ஆனார்.

1935-ல் வந்த சட்டம் இன்னும் கொஞ்சம் அகலமாக்கியது. படிப்பு இருந்தால் ஓட்டு, சொத்துள்ளவரின் மனைவி என்றால் ஓட்டு. இதில் மனைவி என்ற கணக்கைப் பெண்கள் சங்கங்கள் முன்பே எதிர்த்திருந்தன. கல்யாணத்தை வைத்துக் கொடுக்காதே, ஆள் என்று பார்த்து வயது வந்த எல்லாருக்கும் கொடு என்றார்கள். அவர்கள் கேட்டதுதான் சரி என்று எங்களுக்கும் படுகிறது. அது கிடைத்தது 1950-ல், நம் அரசியல் சட்டத்தில். சொத்து கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. அப்போது 21 வயது போதும், 1989-லிருந்து 18.

இதோடு கதை முடியவில்லை. 1951-52 முதல் தேர்தலுக்குப் பட்டியல் எழுத வீடு வீடாகப் போனார்கள். வட மாநிலங்களில் நிறையப் பெண்கள் வேற்று ஆம்பளையிடம் தன் பேரைச் சொல்லவில்லை. "இன்னார் பெண்டாட்டி", "இன்னார் அம்மா" என்றே சொன்னார்கள். சொந்தப் பேர் இருந்தால்தான் சேர்ப்போம் என்றது தேர்தல் கமிஷன். சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் கிட்டத்தட்ட 28 லட்சம் பேர் இப்படி விட்டுப்போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பேர் சொல்லாதே என்று பிறந்ததிலிருந்து பழக்கிவிட்டு, திடீரென்று ஒரு நாள் வாசலில் நின்று சொல் என்றால்?

முதலில் கேள்வி கேட்ட அக்காவின் மருமகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பட்டியலில் தேடினோம். பேர் இன்னும் அம்மா ஊரிலேயே இருந்தது. ஓட்டுப் போட அவ்வளவு தூரம் போகவும் இல்லை, இங்கே பேரும் இல்லை. கூட்டம் முடிவதற்குள் படிவம் 8-ஐ நிரப்பி, வாக்குச்சாவடி அலுவலரிடம் கொடுக்க எடுத்து வைத்தோம். பேரில் எழுத்துப் பிழை இருந்தாலும் இதே படிவம்தான். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

உங்கள் குழுவில் எத்தனை பேருடைய பேர், இப்போது குடியிருக்கும் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது?

புதிதாக வந்த மருமகள்களின் பேர் எந்த ஊரில் இருக்கிறது?

உங்கள் பாட்டி முதன்முதலில் எப்போது ஓட்டுப் போட்டார்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்.