நாய்க்கு இடும் சோறு

மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கௌதள்ளி ஆயினும், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஆயினும், எஞ்சிய குழம்புச் சோற்றை நாய்க்கு இடுவது பல வீடுகளில் வழக்கம். குழம்பிலுள்ள மிளகாயின் காரம் நாயின் வயிற்றைப் புண்படுத்தும். வாந்தியும் கழிச்சலும் விரைவில் தோன்றும். வெங்காயமும் பூண்டுமோ மறைந்து நின்று கேடு செய்வன. அவை குருதியின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 150 கிராம் வெங்காயமே தீங்கு தரலாம். சோர்வும் ஈறு வெளிறுதலும் பெரும்பாலும் சில நாள் கழித்தே தெரியும். ஆதலின், குழம்பு கலவாத சோற்றையே நாய்க்கு இடுதல் வேண்டும். வெங்காயம் மிகுதியாக உண்டதெனில், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை நாடுதல் நன்று.

சொற்பொருள்: கழிச்சல் – வயிற்றுப்போக்கு, குருதி – இரத்தம்.

வினா: மிளகாயைவிட வெங்காயம் நாய்க்குக் கொடியது ஏன்?